கூலர் பெட்டிக்குப் "பெரிய சில்லு" போட்டுத் தருகிறேன் என்றால் காசை எடுக்காதீர்கள்: 280 வெள்ளி போச்சு

280 வெள்ளி! பெட்டி குளிரவில்லை, காசும் திரும்பவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) தயிர், மோர், தண்ணீர் போத்தல் ஏற்றிப் போகிறவர்கள் பலரிடம் இந்த 12 வோல்ட் கூலர் பெட்டி இருக்கும். அவர்கள் படிக்கட்டும். கடையின் பெயரைப் போடவில்லை. கைப்பேசியும் காற்றாடியும் பழுதுபார்க்கும் சின்னக் கடை.

நம்ப வைத்தது ஒரு வித்தை. பெட்டியைக் குளிர்விப்பது பெல்டியர் சில்லு: மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சின்னப் பீங்கான் துண்டு. கடைக்காரத் தம்பி புதுசு ஒன்றை பேட்டரியில் மாட்டி, "தொட்டுப் பாருங்கண்ணே" என்றான். விரல் விறைத்தது. "ஆறு ஆம்பியரைத் தூக்கிட்டு பதினஞ்சு போட்டா ஐஸே கட்டும்ணே." அங்கேயே 280 வெள்ளி கைமாறியது. எந்தச் சில்லும், கழற்றிப் போட்ட பழசும்கூட, முதல் சில நொடி அப்படித்தான் சில்லிடும். மறுபக்கம் சூடேற நேரம் வேண்டாமா? சூட்டை வாங்கிக் காற்றில் விடும் வெப்பத்தகடு இல்லாமல் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருந்தால் இரண்டு பக்கமும் சுட்டிருக்கும். அதற்குள் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் வயிறு எரிகிறது. இருந்தது 12706 என்ற எண் போட்ட சில்லு: உள்ளே 127 ஜோடி குறைகடத்தித் துண்டு, உச்சம் 6 ஆம்பியர். போட்டது 12715. 12 வோல்ட்டில் முன்னது 4, 5 ஆம்பியர் இழுக்கும்; பின்னது 10க்கு மேல். அதாவது 50, 60 வாட் சூட்டை வெளியேற்றிக்கொண்டிருந்த அதே சின்ன அலுமினியத் தகடு, அதே சின்னக் காற்றாடி, இப்போது 120 வாட்டையும் பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சிய வெப்பத்தையும் சேர்த்துத் தள்ள வேண்டும். தள்ளாது. தகடு கொதிக்கிறது, அந்தச் சூடு சில்லு வழியாகவே உள்ளே திரும்புகிறது. வெளியே 32 பாகை இருக்கையில் பழைய சில்லு 17க்கு இறக்கியது. இது 24க்குக் கீழே போகவே இல்லை.

அடாப்டரையும் மாற்றவில்லை. 6 ஆம்பியர் அடாப்டர் இதைத் தாங்காமல் அணைந்து அணைந்து எரிகிறது. லோரியின் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் பியூஸ் போகிறது. சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே சூடு கடத்தப் பூசும் பசையோ வெண்ணெய் தடவிய ரொட்டி மாதிரி. குளிர்ப்பக்கத்து அலுமினிய இடைக்கட்டையைச் சுற்றியிருந்த நுரையைப் பிய்த்துவிட்டு வெறுமனே மூடியிருக்கிறான். திருகுக்கு நைலான் வாஷரும் இல்லை, ஆகவே திருகு வழியாகவும் சூடு இறங்குகிறது. இதற்கா 280 வெள்ளி?

கேட்கப் போனால், "வெயில் காலம்ணே." மறுபடி போனால், "ரொம்ப அடைக்காதீங்க, காத்து ஓடணும்." பிறகு, "தவுக்கே (முதலாளி) ஈப்போ போயிருக்காரு." கடைசியில், "சில்லுக்கு வாரண்டி கிடையாதுண்ணே." வாட்சப்பில் இரண்டு நீலக்கோடு விழுகிறது, பதில் இல்லை. பழைய சில்லைக் கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டதாம்.

எப்படிச் சரியாகச் செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. முதலில் சூட்டுப் பக்கத்தைக் கவனியுங்கள்: கணினியில் வரும் வெப்பக்குழாய் வைத்த தகடு, 120 மில்லிமீட்டர் காற்றாடி. சில்லு 12706 போதும். பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்து மெல்லியதாகப் பூசுங்கள். திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒரு பக்கமாக இறுக்கினால் பீங்கான் வெடிக்கும். ஓரத்தில் சிலிக்கான், இடைவெளியில் நுரை. ஒயர் மாறினால் பெட்டி அடுப்பாகிவிடும். வெளி வெப்பத்தைவிட 20 பாகை குறைந்தால் அதுவே பெரிது. ஐஸ் கட்டும் என்பவனை நம்பாதீர்கள்.

ரசீதில் போட்ட சில்லின் எண்ணை எழுதி வாங்குங்கள். கழற்றியதைக் கையோடு கேளுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுக்க 5 வெள்ளிதான் கட்டணம். 280 வெள்ளிக்காக நான் புகார்ப் படிவம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.