மீன் டாகோ அருமை, ஆனால் ஒரு மேசைக்கு ஒன்றாய் வராது

மட்டக்களப்பிலிருந்து சின்னம்மாவின் மகள் போன கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள்: "அண்ணா, ஓகஸ்ட் லீவுக்கு வாறம். உப்புவெளியில நீங்கள் அடிக்கடி போற அந்த மெக்சிகன் கடைக்குப் பிள்ளைகளையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போகலாமா?" ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் பதில் போடத்தான் போனை எடுத்தேன், முடியவில்லை. மூன்று சீசனாக அங்கே சாப்பிடுகிறேன், அந்தக் கடையில் எனக்கு உண்மையான பிரியமும் உண்டு, உண்மையான கோபமும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடை எது, மெனுவில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பக்கம் போய் வருபவர்களுக்குத் தெரிந்ததுதான். புரிட்டோ பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கோதுமை ரொட்டிக்குள் சோறும் பீன்ஸும் கோழியும் வைத்துச் சுற்றித் தருவார்கள், வயிறு நிரம்பும். நாச்சோஸ் சுமார். நான் போவது மீன் டாகோவுக்கு, சின்னச் சோளன் ரொட்டியை மடித்து நடுவில் மீன் வைத்துத் தருவது.

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் என்செனாடா என்ற துறைமுக ஊர் இதற்குப் பேர் போனது. மாவில் தோய்த்துப் பொரித்த மீன், சன்னமாக அரிந்த கோவா, வெள்ளையாய் ஒரு கிரீம், மேலே தேசிக்காய்ப் புளி. அவ்வளவுதான். இங்கே அந்த மீன் அன்று கரைக்கு வந்த பாரை. கடித்தால் மேல் மாவு நொறுங்கி உள்ளே மீன் இதழ் இதழாய்ப் பிரியும். நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன், பாரை எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த மீனை இவ்வளவு பக்குவமாகப் பொரித்து வேறெங்கும் நான் சாப்பிட்டதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த ரொட்டி, டோர்ட்டியா. பின்பக்கம் சமையலறை திறந்தே இருக்கும், போய் நின்று பார்க்கலாம். சாம்பல்தீவுப் பக்கத்து அக்கா ஒருவர்தான் மூன்று வருடமாக அந்த ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நிற்கிறார். காய்ந்த சோளனைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து இரவு முழுக்க ஊற விட்டு, காலையில் தோல் கழன்று வரக் கழுவி அரைக்கிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே அதே சுண்ணாம்புதான். அது இல்லாவிட்டால் மாவு ஒட்டாது, அந்த வாசமும் வராது. மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான வருடமாக இப்படித்தான் செய்கிறார்கள். சோளனை மட்டும் கொண்டுபோய் இந்த வேலையை விட்டுவிட்ட ஐரோப்பிய ஊர்களில் அதையே நம்பிச் சாப்பிட்ட ஏழைகளுக்கு 18ஆம் நூற்றாண்டில் பெலாக்ரா என்ற நோய் வந்தது, ஏனென்றால் சுண்ணாம்பில் ஊறினால்தான் சோளனில் உள்ள நியாசின் என்ற விற்றமின் உடம்பில் சேரும். அக்கா உருண்டையை அமத்திக் கல்லில் போட்டு, ஓரம் காய்ந்ததும் விரலாலேயே ஒரு தரம் திருப்பி, மறுபடி திருப்பினால் நடுவில் பூரி மாதிரி உப்பி வரும். உப்பாததை எடுத்து ஒரு பக்கம் வைத்து விடுகிறார், மேசைக்கு அனுப்புவதில்லை.

அம்மாவை முதல் தடவை கூட்டிக்கொண்டு போனபோது சல்சாவைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "இது எங்கட தக்காளிச் சம்பல்தானே" என்றார். சுட்ட தக்காளி, பச்சை மிளகாய், வெங்காயம், எல்லாம் அம்மியில் அரைத்தது, அவர் சொன்னதில் பிழையே இல்லை. மிளகாயே மெக்சிகோப் பக்கத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் வழியாக வந்ததுதான், அதுவரைக்கும் எங்களிடம் உறைப்புக்கு மிளகுதான் இருந்தது என்றேன். "அப்ப அதுக்கு முன்னம் சம்பல் எப்பிடி அரைச்சவை?" என்று கேட்டார், அந்தக் கேள்வியோடு வீடு வரைக்கும் வந்தார்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. ஆறு பேர் போனோம். ஏழேகாலுக்கு உட்கார்ந்து உடனேயே ஓர்டர் கொடுத்தோம். ஏழு ஐம்பதுக்கு மகளின் மீன் டாகோ வந்தது. எட்டே காலுக்கு மனைவியின் கோழி. அம்மாவின் காளான் வந்தபோது எட்டு நாற்பது. எங்கள் வீட்டில் அம்மா கை வைக்காமல் யாரும் கை வைக்க மாட்டோம், அவர் "நீங்கள் சாப்பிடுங்கோ" என்றாலும் மாட்டோம், அது அப்படியே பழகிவிட்டது. மகள் ஐம்பது நிமிடம் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே கச்சான் காற்று அனலாய் வீசுகிறது. அந்தக் காற்றுக்கு முன்னால் சோளன் ரொட்டி ஐந்து நிமிடம் தாங்காது. முதலில் ஓரம் மேலே வளைந்து எழும்பும், அப்புறம் மடித்த இடத்தில் கோடு விழும், கையில் எடுத்தால் இரண்டாய்ப் பிளந்து மீன் மடியில் விழும். மகளுக்கு அதுதான் நடந்தது. சோறு கறி என்றால் ஆறினாலும் சாப்பிடலாம், கொத்தும் பரவாயில்லை. டாகோ கல்லிலிருந்து நேராக வாய்க்குப் போக வேண்டிய சாப்பாடு. அந்த அக்கா உப்பாத ரொட்டியை எடுத்து வைத்துவிட்டு நல்லதை மட்டும் அனுப்புகிறார், அந்த நல்லதுதான் எங்கள் மேசையில் அப்பளமாய்க் காய்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இது ஒரு நாள் நடந்த தவறு இல்லை. சீசனில் கூட்டம் உள்ள ஒவ்வொரு இரவும் இதே கதைதான். "தம்பி, எல்லாத்தையும் ஒண்டாக் கொண்டு வாங்கோ" என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன், "சரி அண்ணா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார்கள். காரணமும் எனக்குத் தெரியும், நின்று பார்த்திருக்கிறேன். ஓர்டர் எழுதிய துண்டுகளைச் சாப்பாட்டு வகைப்படி தொங்க விடுகிறார்கள். ஆறு மேசையின் மீன் எல்லாம் ஒரே தாச்சியில் ஒன்றாய்ப் பொரியும், ஆறு மேசைக்கும் போகும், அதற்குப் பிறகுதான் கோழி, அதற்கும் பிறகு காளான். மேசைப்படி தொங்க விட்டால் தீர்ந்து போகிற பிரச்சினை. முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னேன், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், ஒன்றும் மாறவில்லை. பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் மட்டும் தவறாமல் இருக்கிறது.

அவர் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். சித்திரை தொடங்கி புரட்டாதி வரைக்கும் உழைப்பதை வைத்துத்தான் வருடம் முழுக்க ஓட்ட வேண்டும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அப்புறம் கொரோனா, 2022இல் பெற்றோலும் காஸும் இல்லாத காலம், இவ்வளவுக்கும் பிறகு இந்தக் கரையில் ஒருவர் கடை திறந்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பது லேசான காரியமில்லை. பரிமாறுகிற பிள்ளைகள் சீசனுக்குச் சீசன் மாறுகிறார்கள், பழகி வரும்போது போய்விடுகிறார்கள். எல்லாம் விளங்குகிறது. ஆனால் துண்டை மாற்றித் தொங்க விடக் காசு தேவையில்லையே.

ஒரு வழி கண்டுபிடித்தேன்: எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சொன்னால் ஒன்றாய் வரும். வந்தது, சூடாகவே சாப்பிட்டோம், நன்றாகவும் இருந்தது. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை, அம்மாவுக்காக ஆறு பேரும் காளான் சாப்பிட்டோம். இரண்டு பேர் மீனுக்காகவே வந்தவர்கள். சமையலறை செய்ய வேண்டிய ஒழுங்கை எதற்காகச் சாப்பிட வருகிறவன் செய்ய வேண்டும்?

இதே கடைக்கு இந்த வருடம் மாசியில் ஒரு புதன்கிழமை போனேன். மழை விட்டு, வெள்ளைக்காரர் இன்னும் வரத் தொடங்கவில்லை, நாலு மேசையில்தான் ஆட்கள். மீன், கோழி, காளான் மூன்றும் ஒரே தட்டத்தில் ஒன்றாய் வந்தன. ரொட்டியைத் தொட்டால் விரல் சுட்டது. தேசிக்காயைப் பிழிந்தபோது பொரியல் மேல் சத்தம் கேட்டது. அம்மா மூன்றையும் முடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார், அவர் வெளியில் சாப்பிட்டு இரண்டாம் தடவை கேட்டதை நான் பார்த்ததே இல்லை.

தங்கச்சிக்கு வேண்டாம் என்றுதான் பதில் போட்டேன். ஓகஸ்டில் வேண்டவே வேண்டாம், பிள்ளைகளையும் மாமியையும் வைத்துக்கொண்டு அந்தக் காத்திருப்பு சரிவராது, வந்தால் வீட்டிலேயே பாரை பொரித்துத் தருகிறேன், அம்மா சம்பல் அரைப்பார். நானும் இந்த சீசன் முடியும்வரை அங்கே போவதாக இல்லை. மாசியில் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு வா, கல்லுக்குப் பக்கத்து மேசையைக் கேட்டு வைக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், மாமியும் அன்று மீன் தொட மாட்டார்.