டாக், கர்மா, ஜோஜோ: கறுப்பினக் குழந்தைகள் நாயகர்களாக வரும் கார்ட்டூன்களில் எது யாருக்கு?

டாம் அண்ட் ஜெர்ரி பார்த்த யாருக்கும் அந்தக் கால்கள் மறந்திருக்காது. தொளதொளவென்ற காலுறை, செருப்பு, கையில் துடைப்பம், டாமைத் திட்டித் தீர்க்கும் குரல். 1940 முதல் 1952 வரை வந்துபோன அந்தப் பாத்திரம் ஒரு கறுப்பினப் பணிப்பெண். குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப். முகத்தை மட்டும் அநேகமாகக் காட்டியதே இல்லை. 1960-களில் தொலைக்காட்சிக்குப் போட்டபோது எதிர்ப்புக்குப் பயந்து சில படங்களில் அவரை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றி வரைந்தார்கள். அவருக்கு ஒரு முகம் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஆளையே எடுத்துவிட்டார்கள்.

இன்று நிலைமை அப்படியில்லை, தேர்ந்தெடுக்கும் அளவுக்குத் தொடர்கள் இருக்கின்றன. ஆனால் 'கறுப்பினப் பிள்ளை நாயகி' என்பதாலேயே எல்லாம் ஒரே வேலையைச் செய்துவிடாது. நாயகியின் நிறம் கதைக்குள் பேச்சாகவே வராத தொடர் ஒன்று. நிறம், முடி, பாட்டியின் சமையல் எல்லாமே கதையாக வரும் தொடர் இன்னொன்று. ஆப்பிரிக்காவிலேயே எடுத்தவை தனி ரகம். முதல் இரண்டையும் எடைபோட 'டாக் மெக்ஸ்டஃபின்ஸ்', 'கர்மாஸ் வேர்ல்ட்' என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் அனிமேஷன் செய்தது டப்ளினில் உள்ள பிரவுன் பேக் ஃபிலிம்ஸ்தான். அதனால் படத்தின் தரத்தில் வித்தியாசம் தேட வேண்டியதில்லை, எழுத்தை மட்டும் பார்த்தால் போதும்.

டாக் மெக்ஸ்டஃபின்ஸ் 2012 மார்ச்சில் டிஸ்னி ஜூனியரில் தொடங்கி ஐந்து சீசன் ஓடி 2020-இல் முடிந்தது. உருவாக்கியவர் கிறிஸ் நீ. தன் மகனுக்கு ஆஸ்துமா வந்து மருத்துவமனைக்கு ஓடிய அனுபவத்திலிருந்து பிறந்த யோசனை அது. டாக் என்று செல்லமாக அழைக்கப்படும் சிறுமி டாட்டி வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு விளையாட்டு கிளினிக் வைத்திருக்கிறாள். ஸ்டெதாஸ்கோப் மினுங்கினால் பொம்மைகள் உயிர் பெற்றுப் பேசும். ஒவ்வொரு கதையும் ஒரே தடத்தில் போகும்: பொம்மைக்கு ஏதோ கோளாறு, அது பரிசோதனைக்குப் பயப்படும், டாக் பாட்டுப் பாடிக்கொண்டே காது, கண், இதயத் துடிப்பு பார்ப்பாள், நோய்க்கு வேடிக்கையாக ஒரு பெயர் வைத்துப் பெரிய நோட்டில் எழுதிக்கொள்வாள், பிறகு வைத்தியம். அரை மணிக்கு இரண்டு கதை. ஊசிக்கு அழும் மூன்று வயதுப் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போவதற்கு முதல் நாள் இதில் ஒரு கதையைப் போட்டுக் காட்டினால், மறுநாள் கிளினிக்கில் என்னென்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். பயத்தில் பாதி, என்ன செய்யப்போகிறார்களோ என்பதுதான்.

அம்மா டாக்டர், வேலைக்குப் போகிறவர். அப்பா வீட்டையும் சமையலையும் பார்த்துக்கொள்கிறார். இதைத் தொடர் எங்கேயும் நின்று விளக்குவதில்லை. நிறத்தைப் பற்றியும் அப்படித்தான். கிறிஸ் நீ முதலில் எழுதியபோது டாக் கறுப்பினச் சிறுமியாக இருக்கவில்லை, அது டிஸ்னி தரப்பில் வந்த யோசனை. எந்த நிறத்துக்கும் பொருந்தும் கதை என்பதே இந்தத் தொடரின் பலம், அதன் எல்லையும் அதுவே. கறுப்பினப் பொம்மை விற்காது என்ற பழைய வியாபாரச் சாக்கையும் இது உடைத்தது. 2013-இல் மட்டும் இதன் பொம்மைகளும் பிற சரக்குகளும் சுமார் 50 கோடி டாலருக்கு விற்றன. வாங்கியவர்கள் எல்லா இனத்துப் பெற்றோரும்தான்.

கர்மாஸ் வேர்ல்ட் 2021 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ராப் பாடகர் லூடாக்ரிஸ் தன் மூத்த மகளை மனதில் வைத்து உருவாக்கியது. பத்து வயது கர்மா பாட்டெழுதி ராப் பாடுகிறவள். இங்கே முடி ஒரு முழு எபிசோடுக்கே விஷயமாகிறது. கேட்காமல் கொள்ளாமல் அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தொடுகிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, அவளுக்கோ கூசுகிறது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் தவிக்கிறாள், பிறகு வாயைத் திறக்கிறாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அமெரிக்காவில் சுருள்முடி, பின்னல், டிரெட்லாக்ஸ் என்னும் சடைமுடி இவற்றைக் காரணம் காட்டிப் பள்ளியிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டதே 2019-இல்தான்.

இரண்டில் எது என்றால் வயதுதான் முடிவு செய்ய வேண்டும். ஐந்து வயதுக்குள் டாக். அந்த வயதில் பிள்ளைகள் யார் சிக்கலைத் தீர்க்கிறார்கள் என்பதை மட்டுமே பிடித்துக்கொள்கிறார்கள். யாரும் இன்னும் முடியைத் தொடாத, கிண்டல் செய்யாத மூன்று வயதுப் பிள்ளைக்கு அவமானத்தைக் கார்ட்டூன் மூலம் அறிமுகம் செய்துவைப்பது அவசரம். ஏழு வயதில் கதை தலைகீழ். பள்ளியில் ஏதோ ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கும், அதைச் சொல்ல வார்த்தை இருக்காது. அப்போது டாக் போதாது, கர்மாதான் கைகொடுப்பாள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் அலட்டிக்கொள்ளாமல் நிற்பது 'ஜோஜோ அண்ட் கிரான் கிரான்'. பிபிசியின் சீபீபீஸ் சேனலில் 2020 மார்ச்சில் தொடங்கியது. ஒரு கறுப்பின பிரிட்டிஷ் குடும்பத்தை மையமாக வைத்து அந்தச் சேனல் எடுத்த முதல் அனிமேஷன். உருவாக்கியவர் லாரா ஹென்றி-அலெய்ன், குடும்ப வேர் கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில். ஐந்து வயதை எட்டப்போகும் ஜோஜோ பாட்டி வீட்டில் பொழுதைக் கழிக்கிறாள். சமைக்கிறார்கள், செடி நடுகிறார்கள், கடைக்குப் போகிறார்கள். கொள்ளுப்பாட்டி செயின்ட் லூசியாவிலேயே இருக்கிறார். பெரிய சாகசம் எதுவும் கிடையாது, சில பிள்ளைகள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடலாம். ஆனால் பண்பாட்டைப் பாடமாக எடுக்காமல் அடுப்படியில் வைத்துக் காட்டும் விதத்தில் மற்ற இரண்டும் இதற்கு எட்டாது. பாட்டி ஒரு நாட்டில், பேத்தி ஒரு நாட்டில் என்று வாழும் லண்டன், டொராண்டோ தமிழ் வீடுகளில் இது கூடுதலாக மனதில் ஒட்டும்.

ஆப்பிரிக்காவிலேயே எடுத்தவற்றில் நைஜீரியாவின் 'பீனோ அண்ட் ஃபீனோ' முக்கியமானது. அபுஜாவில் அடமு வசீரி தன் சிறிய ஸ்டுடியோவில் தொடங்கியது. அண்ணன் தங்கை இருவரும் தாத்தா பாட்டியோடு நகரத்து வீட்டில் வாழ்கிறார்கள். படத்தின் பளபளப்பில் டிஸ்னியோடு போட்டி போட முடியாது, அசைவு விறைப்பாகவே இருக்கும். ஆனால் இங்கே யாரும் சிறுபான்மை இல்லை. கடைக்காரர், டீச்சர், டாக்டர் எல்லோரும் கறுப்பர்கள். அதனால் 'எங்களாலும் முடியும்' என்று நிரூபிக்கும் பாரம் பிள்ளைகள் தோளில் விழுவதில்லை. ஜாம்பியாவின் மலெங்கா முலெண்டெமா உருவாக்கி 2023-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'சூப்பா டீம் 4' கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. லுசாகா நகரத்துப் பெண்கள் நால்வர் சூப்பர் ஹீரோக்கள், படமும் வேகமானது.

எங்கே சறுக்குகிறது?

முதல் சறுக்கல், உடலையே மாற்றிவிடுவது. 2009-இல் 'த பிரின்சஸ் அண்ட் த ஃப்ராக்' படத்தில் டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி டியானா வந்தாள். படத்தில் பெரும்பகுதி அவள் தவளை. 2020-இல் 'சோல்' படத்தில் வந்த பிக்ஸாரின் முதல் கறுப்பின நாயகன் ஜோ, நிறைய நேரம் நீல நிற ஆவி. அவன் உடம்பு திரும்பக் கிடைக்கும்போது அதற்குள் வேறொருவர் இருக்கிறார், இவன் பூனைக்குள். படங்கள் மோசமில்லை. ஆனால் போஸ்டரைப் பார்த்துத் தன்னைப் போன்ற முகத்தைத் தேடி உட்காரும் பிள்ளைக்குக் கிடைப்பது தவளை.

இரண்டாவது, சமூகத்துக்குள்ளேயே இருக்கும் நிற ஏற்றத்தாழ்வு. 2001-இல் வந்த 'த ப்ரௌட் ஃபேமிலி' கறுப்பினக் குடும்பத்தைப் பற்றிக் கறுப்பினக் கலைஞர் புரூஸ் ஸ்மித்தே உருவாக்கிய தொடர், சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் ரௌடித்தனம் செய்யும் மூன்று சகோதரிகளின் தோல் சாம்பல் பூத்த நீலம். எண்ணெய் தடவாமல் வறண்ட தோலைக் கிண்டலடிக்கும் நகைச்சுவை அது. நாயகி பென்னி மாநிறம், அவளைவிடக் கறுத்த தோழி டிஜோனே வாயாடி. இதைப் பிடித்துக்கொள்ளத் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது, நம் சினிமாவில் கறுத்த பெண்ணுக்கு எந்த வேடம் போகும் என்பது நமக்குத் தெரியும். இந்தத் தொடரைப் போட்டுக்கொடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

மூன்றாவது தொழில்நுட்பம். 3டி மென்பொருளில் முடி என்றாலே நேர்முடியையும் லேசான அலைமுடியையும் மனதில் வைத்துத்தான் கருவிகள் வளர்ந்தன. இறுக்கிச் சுருண்ட இழைகள் ஒன்றோடொன்று ஓயாமல் உரசும், கணக்குப் போட நேரமும் செலவும் ஏறும். அதனால் பல படங்களில் கறுப்பினப் பாத்திரத்தின் தலை ஹெல்மெட் கவிழ்த்ததுபோல் ஒரே கட்டியாக நிற்கும். யேல் பல்கலைக்கழகத்தின் தியோடர் கிம்மும் கலிஃபோர்னியாவின் ஏ.எம். டார்க்கும் இறுக்கச் சுருள்முடிக்கென்றே கணக்குமுறைகளை வெளியிட்டது 2024-இல்தான். தோலும் அப்படியே. வெளிர் தோலுக்கு வைத்த விளக்கமைப்பையே கருந்தோலுக்கும் வைத்தால் கன்னமும் மூக்கும் ஒன்றாகக் கரைந்து முகம் சாம்பலாகத் தெரியும். ஓரத்திலிருந்து ஒரு ஒளி, நெற்றியிலும் மூக்கிலும் சின்ன மினுமினுப்பு, கொஞ்சம் வெதுவெதுப்பான நிறம், இவை இருந்தால்தான் முகம் எடுப்பாகத் தெரியும்.

புதுத் தொடர் ஒன்றைச் சோதிக்க இரண்டு எபிசோட் போதும். முதலாவதில் சிக்கலைத் தீர்க்கும் யோசனை யார் வாயிலிருந்து வருகிறது என்று பாருங்கள். நாயகியாக இருந்தும் யோசனை எப்போதும் வெள்ளைத் தோழனுடையது என்றால் அவள் போஸ்டருக்கு மட்டும் நாயகி. இரண்டாவதில் குடும்பத்தைக் கவனியுங்கள். அம்மா, அப்பா, சித்தி யாருமே இல்லாமல் தனிமரமாக நின்றால் எழுதியவருக்கு அந்த வீடு தெரியாது என்று பொருள். படுக்கப்போகும் காட்சி வந்தால் தலையைப் பாருங்கள். சுருள்முடி உலர்ந்து சிக்காகாமலிருக்க சாட்டின் தொப்பியோ துணியோ கட்டியிருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் கை பட்டிருக்கிறது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வு 2012-இல் நிக்கோல் மார்ட்டின்ஸும் கிறிஸ்டன் ஹாரிசனும் வெளியிட்டது. ஏறக்குறைய 400 கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஓராண்டு இடைவெளியில் கேட்டுப் பார்த்தார்கள். டிவி பார்ப்பது கூடக்கூட கறுப்பினச் சிறுவர், சிறுமியர், வெள்ளைச் சிறுமியர் ஆகியோரின் சுயமதிப்பு குறைந்தது, வெள்ளைச் சிறுவர்களுக்கு மட்டும் கூடியது. இது மொத்த டிவி நேரத்தைப் பற்றியது. ஒரு டாக் எபிசோட் பார்த்தால் தன்னம்பிக்கை ஏறும் என்று இதை வைத்துச் சொல்வது மிகை. திரையில் யாருக்கு எந்த வேடம் என்பது பிள்ளைகள் மனதில் கணக்காகிறது என்ற அளவுக்கு இது துணைநிற்கும்.

ஒரு குறை பாக்கி: மேலே சொன்னவற்றில் பெரும்பாலும் சிறுமிகளே நாயகிகள். பையன் வேண்டுமென்றால் ஏழு வயதுக்கு மேல் கார்ட்டூன் நெட்வொர்க்கின் 'கிரெய்க் ஆஃப் த க்ரீக்'. ஓடைக்கரையில் நண்பர்களோடு வரைபடம் போட்டுத் திரியும் சாதாரணப் பையன் அவன். ஒன்பது பத்து வயதுக்கு 2000-இல் தொடங்கிய 'ஸ்டாட்டிக் ஷாக்', 52 எபிசோட். நண்பனின் அப்பாவுடைய இனவெறியையும் பள்ளியில் துப்பாக்கியையும் நேராகப் பேசும் தொடர். அந்த இரண்டு எபிசோடுகளையும் மட்டும் முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிடுங்கள்.