மேலே 3.3 முத்திரை, உள்ளே 5 வோல்ட்: 3 போர்டு காலி

உதிரி பாகம் விற்கும் ஆன்லைன் கடை ஒன்று. பெயரைப் போட்டால் வம்பு, வேண்டாம். நஷ்டக் கணக்கு மட்டும் சொல்கிறேன்: 20 ரெகுலேட்டர் (வோல்டேஜைக் குறைத்து நிலையாகக் கொடுக்கும் பாகம்), 3 ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்) போர்டு.

போர்டுகளில் இருந்தது சாதாரணப் பழுதுதான். 5 வோல்ட் உள்ளே வருகிறது, 3.3 லைனில் ஒன்றும் இல்லை. ரெகுலேட்டரைக் கழற்றி 3.3 லைனுக்கும் கிரவுண்டுக்கும் ஓம் பார்த்தால் ஷார்ட் இல்லை. செத்தது ஏஎம்எஸ்1117 என்ற அந்த ரெகுலேட்டர் மட்டும். மாற்றினால் போர்டு எழுந்துவிடும்.

அதற்காக அந்தக் கடையில் வாங்கிய ரெகுலேட்டர் பார்சலைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். ஆன்டி-ஸ்டாட்டிக் கவர், சிலிக்கா ஜெல், டேப்பில் வரிசையாகப் பாகங்கள், ஒவ்வொன்றிலும் பளிச்சென்று 3.3. "டெஸ்ட் செய்துதான் அனுப்புகிறோம்" என்று சாட்டில் எழுதியே கொடுத்தார்கள்.

மாற்றிவிட்டு மூன்றுக்கும் ஒரே சப்ளையில் 5 வோல்ட் கொடுத்ததும் ஈஎஸ்பி32 சிப் மேல் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. 3.3 லைனில் 4.1 வோல்ட்! ஈஎஸ்பி32 தாங்கும் உச்சமே 3.6.

டேப்பில் மிச்சமிருந்த, சாலிடரே படாத பீஸ்கள் பலவற்றிலும் அதே 4.1. இன்புட்டை 9 ஆக்கினால் கச்சிதமாக 5.0. ஆக, 5 வோல்ட் ரகத்தின் மேல் 3.3 முத்திரை. இன்புட்டும் 5 என்றால் அது தனக்கு ஒரு வோல்ட் போல தின்றுவிட்டு மிச்சத்தைத் தள்ளும். சில பீஸ்கள் 1.25 காட்டின. அது அட்ஜஸ்டபிள் ரகம், வெளியே ரெசிஸ்டர் வைத்து அவுட்புட்டை நாமே அமைப்பது. அட்ஜஸ்ட் பின் கிரவுண்டில் இருந்தால் அவ்வளவுதான் வரும். ஒரே டேப்பில் இத்தனை கலப்படம்!

கடையின் முதல் பதில்: "சாலிடரிங் சூடு அதிகம்." சாலிடர் படாத பீஸின் வீடியோ போனதும், "உங்கள் மீட்டரைச் சரிபாருங்கள்." அப்புறம், "டேப் பிரித்தால் ரிட்டர்ன் கிடையாது." பிரிக்காமல் எப்படி அளப்பதாம்? கடைசியில் 'தீர்க்கப்பட்டது' என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். 20 ரெகுலேட்டர், 3 போர்டு. எதைத் தீர்த்தார்களோ!

வாங்குகிறவர்கள் சாலிடர் வைக்கும் முன் ஒவ்வொரு பீஸையும் அளங்கள். முதல் பின் கிரவுண்டு, மூன்றாவதில் 5 வோல்ட், நடுப் பின் அவுட்புட். அவுட்புட்டில் 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், லோடுக்கு 33 ஓம் அரை வாட் ரெசிஸ்டர். 3.3இலிருந்து 0.1 விலகினாலும் தூக்கிப் போடுங்கள். அசிட்டோன் பஞ்சில் எழுத்து கரைந்தால் அதுவும் குப்பை. பென்ச் சப்ளையில் கரன்ட் லிமிட் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அது ஷார்ட்டுக்குத்தான் உதவும், ஓவர் வோல்டேஜைத் தடுக்காது.