காப்பீட்டு அட்டையத் தூக்கிட்டு பல் டாக்டரத் தேடுன கதை (கடைசியா போன அரசு ஆஸ்பத்திரிக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார்)

எங்க அம்மாவுக்கு கீழ்த்தாடை கடைவாய்ப்பல்லு ஒரு மாசமா கொடைச்சல். கிராம்பு வச்சு பாத்தாச்சு, உப்புத்தண்ணி கொப்புளிச்சாச்சு, ராத்திரியானா கன்னத்துல கைய வச்சுட்டு திண்ணையில உக்காந்துருக்காவ. வீட்டுல தான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குல்லா, வருசத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும்னு சொல்லுதாவளே, ஒரு பல்லுக்கு குடுக்க மாட்டாவளான்னு நானும் பீரோவ நோண்டி எடுத்தேன். அந்த அட்டைக்கு விஏஓ கிட்ட வருமானச் சான்று வாங்கி (வருச வருமானம் 1,20,000 ரூவாய்க்கு மேல போகக்கூடாது), கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல போய் வரிசையில நின்னு போட்டோ எடுத்தது எனக்குல்லா தெரியும்.

டவுன்ல ஒரு கிளினிக். பேரு வேண்டாம். வாசல்ல பெருசா "காப்பீடு ஏற்கப்படும்"னு போர்டு. ஏசி, மீன் தொட்டி எல்லாம் இருக்கு. ரிசப்சன்ல இருந்த பிள்ளை அட்டைய திருப்பி திருப்பி பாத்துட்டு, "அண்ணாச்சி இதுல பல்லுக்கெல்லாம் வராது, தாடை எலும்பு ஒடஞ்சு அட்மிட் ஆகி ஆபரேசன் பண்ணுத மாதிரி இருந்தாத்தான், அதுவும் லிஸ்ட்ல இருக்க ஆஸ்பத்திரில"ன்னு சொல்லுச்சு. அப்ப போர்டுல இருக்கது எந்த காப்பீடும்மான்னு கேட்டேன், "அது கம்பெனி காப்பீடு"ன்னு சொல்லிட்டு வேர் சிகிச்சைக்கும் பல்லு மேல மாட்டுத கேப்புக்கும் சேத்து 8,500ன்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதி நீட்டுது. அம்மா அங்கனயே, "எய்யா, எனக்கு வலி நின்னுட்டு, வா போவோம்"னு எந்திச்சிட்டாவ.

பொறவு தான் பக்கத்து வீட்டு மதினி, எதுக்குவே அட்டைய தூக்கிட்டு அலையுதிய, நம்ம அரசு ஆஸ்பத்திரிலயே பல்லுக்கு ஒரு டாக்டரம்மா இருக்காவளேன்னு சொன்னாவ. எனக்கு இது தெரியவே இல்ல. அங்க அட்டையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஓபி சீட்டு போட்டா போதும்.

ஏழரைக்கே போயி சீட்டு போட்டுட்டோம். பெஞ்சு ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஒரு கால் ஆடுது, மேல ஃபேன் சுத்துதா சும்மா தொங்குதான்னு கண்டுபிடிக்கதுக்குள்ள நம்ம முறை வந்துரும். ஒரு ஸ்டார் கொறச்சது இதுக்குத்தான்.

ஆனா டாக்டரம்மா இருக்காவளே, நான் பாத்தவங்கள்லயே வாய்க்குள்ள பாக்கதுக்கு முன்ன அம்மாவோட ஆஸ்பத்திரி நோட்ட பாத்தது இவிய ஒருத்தர் தான். "ஆச்சி, நெஞ்சுக்கு ஏதும் மாத்திரை போடுதியளா? ரத்தம் ஒறையாம இருக்கதுக்கு?" அம்மா சுருக்குப்பைய அவுத்து மாத்திரை அட்டைய ஒண்ணொண்ணா மேசையில வச்சாவ, வெத்தலையும் கூட சேந்து வந்துட்டு. சுகர் பாத்தா 260. இன்னைக்கு பிடுங்க மாட்டேன், புண்ணு ஆறாதுன்னு சொல்லி அஞ்சு நாளைக்கு மாத்திரை குடுத்து, சுகர் டாக்டரயும் பாத்து கொறச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாவ. எனக்கு அப்ப கொஞ்சம் எரிச்சல் தான், அரைநாள் லீவு போச்சேன்னு. அடுத்த வாரம் 170 இருந்துச்சு, ஊசி போட்டு பத்து நிமிசத்துல சோலி முடிஞ்சிட்டு. பஞ்ச கடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் உக்காரணும், எச்சிய துப்பக்கூடாது, 24 மணி நேரத்துக்கு கொப்புளிக்கக்கூடாதுன்னு அம்மா கிட்ட மூணு தடவ, என்கிட்ட ஒரு தடவ சொன்னாவ. வெத்தலை போடுத ஆளுகிட்ட துப்பாதேன்னு சொன்னா எப்பிடி இருக்கும். பழக்கத்துல ஐஸ்கிரீம் சாப்பிடலாம்னு சொல்லிட்டு உடனே நோட்ட பாத்து, "ஆச்சிக்கு வேண்டாம், மோர்சோறு ஆறவச்சு குடுங்க"ன்னு மாத்துனாவ பாருங்க, அங்கனதான் எனக்கு மனசு நெறஞ்சிட்டு.

செலவுன்னு பாத்தா ஆட்டோவும் ரெண்டு டீயும். எல்லாமே அங்க நடக்காது, பெரிய வேலைன்னா பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் குடுக்காவ. பல் செட்டு கட்ட நெனைக்கவங்க அத தனியா கேட்டுக்கோங்க, எங்களுக்கு அந்த பேச்சே வரல.

திங்கக்கிழமை மட்டும் போகாதீய, கூட்டம் தாங்காது. மாத்திரை அட்டைகள மறக்காம எடுத்துட்டு போங்க. அம்மா இப்ப மேல்பல்லும் லேசா ஆடுது, அந்த டாக்டர் பிள்ளகிட்டயே காட்டணும்னு வியாழக்கிழமைக்கு ஆட்டோக்காரன்ட்ட சொல்லி வச்சுட்டாவ.