பேட்டரி வயரில் கிளாம்ப் மீட்டர்: பல வருட இன்வெர்ட்டர் அனுபவம்

2012-இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த வருடத்து மின்வெட்டு மறந்திருக்காது. எங்கள் வீட்டுக்கு முதல் இன்வெர்ட்டர் வந்தது அப்போதுதான். ஸ்கொயர் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் போல வளைந்து ஏறி இறங்காமல் சதுரமாகத் தாவும் மின்சாரம் தருவது. கரண்ட் போனதும் ஃபேன் முனக ஆரம்பிக்கும், காற்று குறையும், மோட்டார் சுடும். 2018-இல் அது கண்ணை மூடிய பிறகு 900 விஏ (இன்வெர்ட்டர் தாங்கும் லோடின் அளவு) சைன் வேவும், அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரியே தரும் இன்வெர்ட்டரும், 150 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியும் வாங்கினோம்.

முனகல் நின்றது, கணக்கு மட்டும் இடித்தது. 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் 1800 வாட் அவர். இரண்டு ஃபேன், இரண்டு பழைய டியூப்லைட் சேர்ந்து சுமார் 250 வாட். ஏழு மணி நேரம் ஓட வேண்டாமா? நாலு மணி நேரத்தில் பீப் அடித்தது. கடைக்காரர் "பேட்டரி செட்டாகும் சார்" என்றார். ஆகவில்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று எலெக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாமல் சுற்றிக் கவ்வி ஆம்பியர் அளப்பது) கடன் வாங்கி பேட்டரி வயரில் மாட்டினேன். பூஜ்யம் காட்டியது. பேட்டரி வயரில் ஓடுவது டிசி, அதுவோ ஏசி மட்டும் அளக்கிற மீட்டர் என்பது பிறகுதான் உறைத்தது. டிசியும் அளக்கிற மீட்டரை வாங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

எந்த லோடும் இல்லாமல் சும்மா இருக்கும்போதே 1.3 ஆம்பியர், அதாவது 16 வாட், இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு. வைஃபை ரவுட்டர் மட்டும் ஓடினால் 10 வாட் வேலைக்கு பேட்டரியிலிருந்து 27 வாட் போகிறது. நூறு வாட்டுக்கு மேல் போனால் எஃபிஷியன்சி, அதாவது பேட்டரியிலிருந்து எடுத்ததில் லோடுக்குப் போய்ச் சேரும் பங்கு, 85 சதவீதத்தைத் தொடுகிறது. விளம்பரத்தில் போடும் சதவீதம் இந்த மாதிரி வசதியான லோடில் வருவதுதான்.

மிக்ஸி போட்டால் கதை வேறு. 55 ஆம்பியர். அந்த நேரத்தில் பேட்டரி முனையில் 11.8 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 11.1. நடுவில் காணாமல் போன 0.7 வோல்ட்டை 55-ஆல் பெருக்கினால் 38 வாட். வயரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. மாட்டிக் கொடுத்தவர் ஒல்லி வயரை இரண்டரை மீட்டர் இழுத்திருந்தார். டெர்மினலில் பச்சைப் பூப்பு வேறு. பூப்பை வெந்நீர் ஊற்றித் துடைத்து, வாசலின் தடவி, 25 ஸ்கொயர் எம்எம் தடித்த வயரை ஒரு மீட்டருக்குள் முடித்ததும் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. இவ்வளவு காசு செலவழித்ததில் உருப்படியானது இந்த வயர்தான் என்பேன்.

பேட்டரியின் 150 ஏஎச் என்பதும் 20 மணி நேரம் நிதானமாக, 7.5 ஆம்பியராக எடுத்தால்தான். வேகமாக எடுத்தால் கிடைக்கும் மொத்தமே குறையும்; ஐம்பது ஆம்பியர் உறிஞ்சினால் மூன்று மணி நேரம் வராது, இரண்டு மணி நேரமே பெரிது. என் 250 வாட் லோடு, இன்வெர்ட்டரின் இழப்பும் சேர்த்து, 25 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. ஏழு மணி நேரம் எங்கே போனது என்பதற்கு இதுதான் பதில்.

அப்புறம் ஃபேன்களை பிஎல்டிசியாகவும் (குறைந்த வாட்டில் ஓடும் மோட்டார் உள்ளவை) விளக்குகளை எல்ஈடியாகவும் மாற்றினேன். பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும், மறக்காதீர்கள். அதே அறைகளுக்கு இப்போது 10 ஆம்பியர் சொச்சம். இரவில் ஃபேனை இரண்டாம் நம்பரில் வைத்தால் எஃபிஷியன்சி 65 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது, ஆனால் பேட்டரியிலிருந்து போவது 3.7 ஆம்பியர்தான். சதவீதம் குறைந்தது, பேக்கப் கூடியது! அன்றிலிருந்து சதவீதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆம்பியரை மட்டும் பார்க்கிறேன். ரவுட்டருக்கு ஒரு குட்டி டிசி யூபிஎஸ் தனியாக வாங்கி வைத்தாயிற்று.

ஃபிரிட்ஜை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்துவிட்டேன். கம்ப்ரஸர் கிளம்பும்போதெல்லாம் ஓவர்லோட் என்று கத்தியது. 24 வோல்ட்டுக்குப் போனால் அதே வாட்டுக்கு ஆம்பியர் பாதி, அதே வயரில் இழப்பு கால்வாசி. ஆசைதான், மாடிப்படிக்கு அடியில் இரண்டாவது பேட்டரிக்கு இடமில்லை.

மிக்ஸி பிரச்சினையை அம்மா தன் வழியில் தீர்த்துவிட்டார். பேப்பரில் 'நாளைய மின்தடை' பார்த்தால் மறுநாள் ஒன்பது மணிக்குள் சட்னி தயார்.