மூன்றாம் மாதம் போனை எடுப்பது யார்?: மனநலப் பிரச்சினையோடு வேலை தேடுவோருக்கு சிங்கப்பூரில் உள்ள வழிகள்

இரவு ஒன்பது மணிக்கு மாத்திரையைப் போட்டால் மறுநாள் காலை பத்து மணி வரை என் தம்பியால் தலையைத் தூக்க முடியாது. குளோசபின் அப்படிப்பட்ட மருந்து. மனச்சிதைவுக்கு மற்ற மருந்துகள் கேட்காதபோதுதான் இதைக் கொடுப்பார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்துவிடக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அப்புறம் இடைவெளி கூடும். இப்படிப்பட்டவனைக் காலை ஏழு மணி வேலைக்கு அனுப்பினோம். 'பையன் சோம்பேறி' என்று புகார் வந்தபோது நாங்களும் தலையாட்டினோம். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அந்த முதல் வேலை தேக்கா பக்கம் ஒரு சொந்தக்காரர் கடையில். நம் வீடுகளில் முதலில் தோன்றும் வழி இதுதானே. "தெரிந்த இடம், பார்த்துக்கொள்வார்கள்" என்றார் அம்மா. பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள், ஆனால் எல்லாரும் பார்த்தார்கள். கல்லாவில் காசு குறைந்தால் முதலில் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். மருந்து போட்டானா என்று வாடிக்கையாளர் முன்னாலேயே விசாரிப்பார்கள். சம்பளச் சீட்டு கிடையாது, மத்திய சேமநிதியும் ஒழுங்காகக் கட்டவில்லை. ஐந்து மாதம் ஓடியது. வேலை போனதைவிட, தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் போக முடியாமல் ஆனதுதான் அம்மாவுக்குப் பெரிய வருத்தம்.

இரண்டாவது வேலையை அவனே இணையத்தில் தேடிக்கொண்டான். விண்ணப்பப் படிவத்தில் 'மனநோய் இருந்ததுண்டா?' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று குறித்தோம். பொய்தான். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் பல்வலி, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லிச் சொல்லி, கடைசியில் எங்களுக்கு இல்லாத பாட்டிகள் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் அவனே நின்றுகொண்டான்.

வேலைப் படிவத்தில் அப்படிக் கேட்பது, நியாயமான வேலை நடைமுறைகளுக்கான டேஃபெப் அமைப்பின் நெறிமுறைகளின்படி இப்போது பாகுபாடு. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டமும், மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் 25 பேருக்கும் குறைவானவர்கள் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. நம்மவர்கள் போய்ச் சேரும் மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள்தான் வரும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரி, உதவியோடு தேடலாம் என்று முடிவு செய்த பிறகு மூன்று பக்கமும் அலைந்தோம்.

முதலாவது, மனநலக் கழகம் என்ற மருத்துவமனையின் வேலை உதவிப் பிரிவான ஜாப்கிளப். அம்மாவுக்கு அந்த மருத்துவமனை இன்னும் பழைய பெயரில் வூட்பிரிட்ஜ்தான். 1928இல் தொடங்கிய மருத்துவமனை, 1993இல் புவாங்கோக்கில் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. எங்கள் சிறு வயதில் குறும்பு செய்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். அந்த வாசலிலேயே வேலை கேட்டு நிற்பதா என்று அம்மா ஒரு மாதம் இழுத்தடித்தார். போன பிறகு தெரிந்த வசதி வேறு: வேலை தேடித் தருபவரும் மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். "இவருக்குக் காலையில் எழுந்திருக்க முடியவில்லை, மருந்து நேரத்தை மாற்றலாமா, இல்லை வேலை நேரத்தை மாற்றலாமா?" என்ற கேள்வியை அங்கே ஒருவர் இன்னொருவரிடம் நேரடியாகக் கேட்கலாம். வெளியே இந்தத் தூது வேலையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் பாதி புரிந்து பாதி புரியாமல். குறை என்றால், அங்கே சிகிச்சையில் இருப்பவர்களுக்குத்தான் அது பயன்படும். பலதுறை மருந்தகத்திலோ தனியார் மருத்துவரிடமோ பார்ப்பவர்கள் அடுத்த வழிக்குத்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் இதைத்தான் கேட்பேன். வேலை உதவியில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று, முதலில் பயிற்சி, தேறினால் வேலை. இன்னொன்று, 1990களில் அமெரிக்காவில் உருவான ஐபிஎஸ் (Individual Placement and Support) முறை. வேலை செய்ய வேண்டும் என்று ஒருவர் சொன்னாலே போதும், அதுதான் தகுதி. சீக்கிரமே சாதாரண நிறுவனம் ஒன்றில் வேலையில் சேர்த்துவிட்டு, பிறகு கூடவே இருந்து பழக்குவார்கள். ஆதரவுக்குக் கால வரம்பு வைப்பதில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இந்த இரண்டாவது முறையில்தான் அதிகம் பேர் வேலையில் சேர்ந்திருக்கிறார்கள். ஏன் என்று தம்பியைப் பார்த்த எனக்குப் புரிகிறது. காகிதப் பை மடிக்கும் பயிற்சியில் ஆறு மாதம் உட்கார்ந்தால், காகிதப் பை மடிப்பதில்தான் தேறுவோம். கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிக்க, கோபக்கார வாடிக்கையாளர் வேண்டும்.

இரண்டாவது, சமூக அமைப்புகள். 1968 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர் மனநலச் சங்கம், பல வட்டாரங்களில் உள்ள ஆங்கிலிக்கன் கேர் சென்டர்கள், 2012இல் தொடங்கிய க்ளப் ஹீல் போன்றவை. இங்கே வேலை மட்டும் பேசுவதில்லை. காலையில் எழுவது, குளிப்பது, பேருந்து ஏறுவது, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் பயிற்சிதான். மருத்துவமனையிலிருந்து வந்து ஒரு வருடம் அறைக்குள்ளேயே கிடந்தவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் தம்பி மாதிரி, "எனக்கு உடனே வேலை வேண்டும், நான் ஓவியம் வரைய இங்கே வரவில்லை" என்று முறைப்பவருக்கு இந்த நிதானம் பொறுக்காது.

குடும்பத்துக்கும் ஆள் வேண்டும். கேர்கிவர்ஸ் அலையன்ஸ் பராமரிப்பாளர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறது. நான் போனேன், அம்மா வரவில்லை. அம்மாவுக்குத் தமிழில் பேச ஒருவர் தேவைப்பட்டார். அதற்கு, 1991இல் தொடங்கிய, சிங்கப்பூர் இந்தியர்களுக்கான சுய உதவி அமைப்பான சிண்டா கைகொடுத்தது. சிண்டாவை இந்த ஒப்பீட்டில் வேலைக்கான வழியாக நான் சேர்க்க மாட்டேன், ஆனால் அங்கே பேசிய பிறகுதான் அம்மா தம்பியை 'அவனுக்கு என்ன கேடு' என்று கேட்பதை நிறுத்தினார்.

மூன்றாவது, சமூக நிறுவனங்கள். 2010இல் தொடங்கிய டிக்னிட்டி கிச்சன், உணவங்காடித் தொழிலைக் கற்றுக்கொடுக்கிறது. ஃபோர்வேர்ட் (Foreword) காஃபி, உடற்குறையுள்ளவர்களையும் மனநலப் பிரச்சினை உள்ளவர்களையும் காப்பி போட வேலைக்கு எடுக்கிறது. இந்த மாதிரி இடங்களின் பெரிய நிம்மதி, மறைக்க ஒன்றுமில்லை என்பது. தம்பி ஓர் இடத்தில் சில நாள் முயன்று பார்த்தான். மருந்தால் கை லேசாக நடுங்கும்; தட்டில் நான்கு கோப்பை வைத்தால் நான்கும் கிணுகிணு என்று பேசும். அங்கிருந்த மூத்த ஊழியர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கோப்பையை எடுத்துவிட்டார். "இரண்டு நடை நட, யார் துரத்துகிறார்கள்?" அவ்வளவுதான். கடையில் ஐந்து மாதம் யாருக்கும் தோன்றாத யோசனை! ஆனால் இடங்கள் குறைவு. தவிர, காப்பி எல்லாருக்கும் பிடித்த தொழிலாக இருக்க வேண்டுமா என்ன? தம்பிக்குக் கூட்டம் ஆகாது.

லெங்கோக் பாருவில் எனேபலிங் வில்லேஜ் என்ற வளாகத்தை நடத்தும் எஸ்ஜி எனேபல் அமைப்பு முதன்மையாக உடற்குறையுள்ளோருக்கானது. போகும் முன் உங்கள் நிலைமைக்குப் பொருந்துமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். நோயிலிருந்து மீண்டு வந்த அனுபவத்தையே தகுதியாகக் கொண்ட சக ஆதரவாளர் வேலையும் உண்டு. தேசிய சமூக சேவை மன்றம் 2016இல் அதற்குப் பயிற்சி தொடங்கியது. தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தெம்புள்ளவர்களுக்கு நல்ல வேலை. தம்பி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

பணத்தைப் பற்றி ஒரு வரி. 2025 ஏப்ரலிலிருந்து, தானாக விலகாமல் வேலை இழந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் 6,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை கிடைக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டம் இருக்கிறது; வருமான வரம்பு முதலிய நிபந்தனைகள் உண்டு. அதனால் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் நீட்டும் முன் கொஞ்சம் யோசியுங்கள். ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பும், மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள் வரையும் சட்டப்படி உண்டு. நோய் முற்றும்போது இதை எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு இது தெரியாது. தம்பி தானே நின்றுகொண்டான்.

கடைசியில் நாங்கள் எடுத்தது மனநலக் கழகத்து வழி. அதுதான் சிறந்தது என்பதால் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம் பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுவது?" அங்கேதான் ஒரு பெயரும் நேரடி எண்ணும் எழுதிக் கொடுத்தார்கள். உங்களுக்கு அதை ஓர் ஆங்கிலிக்கன் கேர் சென்டர் ஊழியர் எழுதிக் கொடுத்தால் அங்கேயே போங்கள்.

இப்போது ஒரு சரக்குக் கிடங்கில் மதியம் ஒரு மணிக்கு வேலை. நோயைப் பற்றி மேற்பார்வையாளர் ஒருவருக்கு மட்டும் சொல்லியிருக்கிறான். எண்பத்தி எட்டாவது நாள் அந்த எண்ணுக்கு நான்தான் போன் செய்தேன். நான்காவது மணியில் எடுத்தார்கள்.