குறுங்கதைக்கு கூகுள் டாக்ஸ்: எண்ணத் தெரியும், எடை போடத் தெரியாது

100 சொல், 55 சொல் என்று வரம்பு கட்டிக்கொண்டு கதை எழுதுகிறவர்களில் பலர் கடைசியில் கூகுள் டாக்ஸில்தான் வந்து உட்காருகிறார்கள். காசு கிடையாது, போனிலும் திறக்கும், சொல்லை எண்ணியும் தரும். நாவலுக்கும் அலுவலக அறிக்கைக்கும் அது எப்படி என்று நிறையப் பேர் எழுதியாயிற்று. அரைப் பக்கம் தாண்டாத கதைக்கு அது எவ்வளவு தூரம் உதவும் என்பதுதான் இங்கே பேச்சு. வெட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் எளிதில் கிடைக்காது. முதல் வரைவு எழுதுவதற்கு மோசமான இடம்.

மோசம் என்பதற்குக் காரணம் அந்தச் சொல் எண்ணிதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சொல் எண்ணிக்கை வரும். தட்டும்போதே காட்டு என்று டிக் போட்டுவிட்டால் இடது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி குந்திக்கொண்டு ஒவ்வொரு சொல்லுக்கும் கூடிக்கொண்டே போகும். முதல் வரைவில் இதை அணைத்துவிடுங்கள். 100 சொல் கதைக்கு முதல் வரைவு 200, 250 போவது இயல்பு. எண்ணைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறவர் 80 வந்ததும் பதறி, மீதி 20 சொல்லில் கதையைத் தூக்கில் போட்டுவிடுகிறார். குறுங்கதைகளில் திடுக்கிடும் திருப்பங்கள் இத்தனை மலிந்து கிடப்பதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம்.

இன்னொன்று, எண்ணி சொல்லும் எண்ணுக்கும் கதையின் கனத்துக்கும் சம்பந்தம் இல்லை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

வேலைக்குப் போகும்போதெல்லாம் மனைவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகும் சந்தேகக்காரத் தந்தையின் கொடுமையைத் தாங்க முடியாத சிறுவன், அப்பா தூங்கும்போது சாவியைச் சோப்பில் அழுத்தி அச்செடுத்துக்கொண்டு சாவிக்கடைக்கு ஓடினான்.

21 சொல். கதை இன்னும் தொடங்கவே இல்லை, ஆனால் வாசகருக்கு வேலை ஏதும் மிச்சமில்லை. இப்போது இது:

சாவி செய்பவர் சோப்பைத் திருப்பிப் பார்த்தார்.
“சாவியையே கொண்டு வரலாமே, தம்பி?”
“அது அப்பாகிட்ட இருக்கு.”
“அப்ப அப்பாவைக் கூட்டிட்டு வா.”
பையன் நகரவில்லை.
“அம்மா உள்ள இருக்காங்க.”

இதுவும் 21 சொல்தான். டாக்ஸ் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். முதலாவதில் ‘சந்தேகக்கார’, ‘கொடுமை’, ‘தாங்க முடியாத’ என்று தீர்ப்பெல்லாம் எழுதியவரே சொல்லிவிட்டார். இரண்டாவதில் பின்கதை, அதாவது இதற்கு முன் நடந்தது, முழுக்கக் கழன்று, கடைசி நிமிடம் மட்டும் நிற்கிறது. வெட்டத் தொடங்கும்போது முதலில் கை வைக்க வேண்டியது பின்கதையில்தான், பெயரடைகள் அப்புறம். பெயரடைகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் 10 சொல் குறையும், கதை அப்படியேதான் இருக்கும்.

டாக்ஸ் சொல்லை இடைவெளி வைத்துத்தான் பிரிக்கிறது. தமிழுக்கு இது வசதியான ஓட்டை. ‘கொண்டு வரலாமே’ இரண்டு சொல். ஒட்டி ‘கொண்டுவரலாமே’ என்றால் ஒன்று. ‘பார்த்துக் கொண்டிருந்தான்’, ‘போய் விட்டது’ எல்லாவற்றையும் இப்படி ஒட்டினால் 110 சொல் கதை ஒரு எழுத்தும் குறையாமல் 100க்குள் அடங்கிவிடும். அடங்கும், ஆனால் அது வெட்டு இல்லை. துணைவினையைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து, கதை முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வரியில் ஒட்டி, அடுத்த வரியில் பிரித்து வைத்தால் போட்டி நடுவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

எழுத்து வரம்பு இருக்கும் இடத்தில் கணக்கு வேறு. நமக்கு ‘பையன்’ மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து: ப, ஐகாரக் குறி, ய, ன, புள்ளி. எக்ஸ் தளத்தின் வழக்கமான 280 வரம்பிலும் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாகத்தான் விழும். குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. அங்கே எழுத நினைப்பவர்கள் சொல் எண்ணிக்கையை மறந்துவிட்டு, அதே பெட்டியில் இருக்கும் எழுத்து எண்ணிக்கையைப் பார்ப்பது நல்லது.

டாக்ஸின் உண்மையான பலம் பதிப்பு வரலாறு. குறுங்கதையில் வெட்டக் கூடாத சொல்லை வெட்டுவது அன்றாடம் நடப்பது; வெட்டியது தவறு என்று தெரிய இரண்டு நாள் ஆகும். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போய் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் கொடுத்து வையுங்கள்: ‘நீள வரைவு’, ‘பின்கதை போனது’, ‘150’, ‘100’. பெயர் கொடுக்காவிட்டால் டாக்ஸ் தன்னிஷ்டத்துக்குத் திருத்தங்களை மொத்தை மொத்தையாகச் சேர்த்து வைக்கும். அதில் ஒரு சொல்லைத் தேடி எடுப்பது பெரும்பாடு. திருத்தத்தை யோசனையாக மட்டும் குறித்து வைக்கும் சஜஸ்டிங் முறையில் வெட்டுவதை மட்டும் தவிர்க்கலாம். அடித்த சொற்கள் கோட்டோடு அங்கேயே கிடக்கும், வாக்கியத்தின் ஓட்டம் காதில் விழாது.

அதிகமாக வெட்டிவிட்டோமா என்று எழுதியவருக்குத் தெரியாது, கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால். இங்கே கமென்ட் வசதி கைகொடுக்கும். கருத்து மட்டும் சொல்லும் அனுமதியோடு இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, ‘நல்லா இருக்கா’ என்று கேட்காதீர்கள். யார் யார் வருகிறார்கள், எங்கே இருக்கிறார்கள், கடைசி வரி வரும்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கேளுங்கள். மேலே உள்ள கதையில் ‘எதுக்கு சோப்பு?’ என்று இருவர் கேட்டால் முதல் வரி ‘சோப்பில் பதிந்த அச்சைத் திருப்பிப் பார்த்தார்’ என்று மாற வேண்டும். 23 சொல் ஆகிவிடும். அந்த இரண்டை ஈடுகட்ட ‘பையன் நகரவில்லை’ என்பதை எடுக்கத் தோன்றும். எடுத்தால் கடைசி வரிக்கு முன்னால் இருக்கும் நிறுத்தம் போய்விடும், அது வெறும் பதிலாகச் சுருங்கும். ‘தம்பி’யையும் ‘அப்ப’வையும் விட்டுக்கொடுக்கலாம், வயதை ‘பையன்’ சொல்லிவிடும்.

தலைப்பு விஷயத்தில் ஒரு சின்ன உபாயம். 1987இல் கலிஃபோர்னியாவின் நியூ டைம்ஸ் வார இதழ் தொடங்கிய 55 சொல் போட்டியில் தலைப்பு கணக்கில் சேராது, ஆனால் 7 சொல்லைத் தாண்டக் கூடாது. பல போட்டிகளில் இதே மாதிரி விதி உண்டு. டாக்ஸ் தலைப்பகுதியில் இருப்பதை எண்ணுவதில்லை என்பதால் தலைப்பை ஹெடரில் வைத்துவிட்டால் கதையின் எண் மட்டும் சுத்தமாக வரும். கணக்கில் வராத இடம் என்பதால் அதை வீணடிக்கவும் கூடாது. ‘மாற்றுச் சாவி’ என்று வைத்தால் கதை சொல்வதையே தலைப்பும் சொல்கிறது. ‘காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை’ என்று வைத்தால் பூட்டு எத்தனை நேரம் தொங்குகிறது என்பது 6 சொல்லில் உள்ளே வந்துவிடும்.

குரல் தட்டச்சு தமிழ் புரிந்துகொள்கிறது, குரோமில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் முற்றுப்புள்ளியைக் குரலால் வைக்கத் தமிழில் வழியில்லை. எல்லாம் ஒரே வெள்ளமாக வரும், வல்லினம் மிகும் இடங்களும் கோணலாகும். உரையாடலைப் பேச்சு ஓசையில் பிடித்து வைக்க மட்டும் பயன்படுத்தலாம்.

எழுத்துரு வகையில் குறை சொல்ல முடியாது: மீரா இனிமை, முக்த மலர், கேட்டமரான் எல்லாம் இருக்கின்றன. கடைசி வாசிப்புக்கு எழுத்துருவை மாற்றி, அளவையும் 18க்கு ஏற்றிப் படித்தால் கண் பழகித் தாண்டிய சொற்கள் தட்டுப்படும். சரியாக 100 சொல் கேட்கும் டிராபிள் வகைக்கு 96இல் நின்றுவிட்டால், மிச்ச நாலுக்குப் பெயரடை தேடாதீர்கள். யாராவது ஒருவர் கையால் ஏதாவது செய்யட்டும். போட்டிப் படிவத்தில் ஒட்டிய பிறகு எண்ணை அங்கேயும் ஒருமுறை சரிபாருங்கள். நீளக் கோட்டால் இணைந்த சொற்களை எல்லா எண்ணிகளும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை, 100க்கு 101 என்றால் கதை உள்ளேயே போகாது.